ஏணிக்கு என்ன சொல்லு?

– இன்னொருக்காச் சொல்லுங்க சாச்சி. தோந்தே எஸ்தா எல் பான்யோ.

– தோந்தே எஸ்தா... டேய் ஹிஷாம், கக்கூசு எங்க எண்டு கேக்கிறதுக்கா நான் ஸ்பெயினுக்குப் போறன்?

– பிளேனால இறங்கினா மொதல் வேல அதுதான் சாச்சி. போனாத் தெரியும்.

– அத மீராசா பாத்துக்குவான்.

– உங்கட தம்பியா? கொழும்புல வழி கேக்க வெக்கப்பட்டு, புறக்கோட்டையச் சுத்திச் சுத்தி வாறவர். அவர நம்பிப் போனா ஏர்போட்டுலயே கிடப்பீங்க.

– அப்ப நீ வாவன்.

– புடிச்சித் திருப்பி அனுப்பின ஆளெத் திரும்ப உள்ளுக்கு உடுவாங்களா? உட்டா நான் உங்களுக்கு முன்னால ஓடமாட்டனா?

– சரி சரி, மொகத்தத் தூக்காத. எனக்கு அந்தத் தோந்தே எஸ்தா மட்டும் போதும். அதுக்குப் பொறகு என்ட புள்ளட பேரச் சொல்லிக்குவன். தோந்தே எஸ்தா ஜுனைட்?

– அப்படிக் கேட்டா, உசிரோட இரிக்கிற ஆளெத் தேடுறீங்க எண்டு நினைப்பாங்க.

– நினைக்கட்டும்.

– ஆள அடக்கிற மையவாடிக்கு ஒரு சொல்லுத் தந்தன் தானே?

– செமெந்தேரியோ. சீமெந்து, சீமெந்து எண்டு ஞாபகம் வச்சிரிக்கன்.

– கெட்டிக்காரி! இனித் தேத்தண்ணி கேக்கிறதப் பாப்பம்.

– தேத்தண்ணி வேணா. மேல எண்டதுக்கு என்ன?

– அர்ரீபா.

– கீழ?

– அபாஹோ.

– ஏணிக்கு?

– என்ன சாச்சி?

– ஏணி மனே. கால் வச்சி ஏறுற ஏணி.

– மகன்ட கபுறப் பாத்து ஸியாரத்துச் செய்யப் போற மனிசிக்கு ஏணி என்னெத்துக்கு?

– அதத்தான் நான் ஒன்னட்டக் கேக்கிறன். என்ட மொகத்தப் பாரு. என்ட மகனோட ஒரே அறையில படுத்து, ஒரே சஹன்ல சோறு திண்டவன் நீ. கீழ குனியாத.

– ஆரு சொன்ன உங்களுக்கு?

– அவன் தான்.

– ஆரு?

– ஜுனைட். கனவுல வருவான். மொதல்ல எல்லாம் வாசல்ல தான் வந்து நிப்பான். பொறகு பொறகு மேல இரிந்து கூப்பிடத் தொடங்கிட்டான். மொகம் தெரியாது. கூரைக்கிட்டால குரல் மட்டும். "உம்மா, எட்டுதா?" எண்டு கேப்பான். நான் கைய நீட்டினபடி நிப்பன். எழும்பினா கையெல்லாம் உளைவு. போன மாசத்தோட அதுவும் நிண்டுட்டு. ஆள் வாறயே இல்ல.

– கனவு தானே சாச்சி.

– கனவெண்டு தான் நானும் ஸலவாத்து ஓதிட்டுத் திரும்பிப் படுத்த. மனசு கேக்கல்ல. மீராசாட மகள் றஸ்னாட்டச் சொன்னன், மாமிக்கு அந்த ஊரு மையவாடிய போன்ல எடுத்துக் காட்டு புள்ள எண்டு. காட்டினா. மண்ணே இல்லியே மனே! வெள்ளச் சுவர். சுவர் முழுக்க லாச்சி. கச்சேரியில பைல் அடுக்கிற அலுமாரி மாதிரி, ஒண்டுக்கு மேல ஒண்டு. ஒவ்வொரு லாச்சிக்குள்ளயும் ஒரு மையத்து, வெளியால பேரும் பூவும். றஸ்னா பாத்திட்டு, "இது வேற எடம் மாமி" எண்டு போன மூடிட்டா. நல்ல புள்ள. பொய் சொல்ல வராது. நீ சொல்லு, எந்தத் தட்டு?

– ஆக மேல் தட்டு.

– ஏணி வச்சாத் தான் எட்டும்?

– ஓம்.

– நீ அண்டைக்கு என்ன சொன்ன எனக்கு?

– நீங்க அண்டைக்குப் போன்ல என்ன கேட்டீங்க சாச்சி? புள்ள எப்படி மௌத்தான எண்டு கேட்டீங்களா? "எரிச்சாங்களா?" எண்டு தான் மொதல்ல கேட்டீங்க. இங்க எங்கட ஆக்கள்ட கொரோனா மையத்தையும் அரசாங்கம் புடிச்சி எரிச்ச நேரம். நானும் அங்க அவன் மௌத்தான அதே ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடந்தன். கதைக்க மூச்சில்ல. எரிக்கல்ல எண்டன். "அப்ப மண்ணா?" எண்டீங்க. ஓம் எண்டன். வேற என்னெத்தச் சொல்ல?

– அந்த ஓம்லதான் நான் எழும்பி நடந்த மனே. பெத்தத எரிக்கக் குடுத்திட்டு மயங்கி விழுந்த உம்மாமாருக்குப் பக்கத்துல இரிந்து தண்ணி தெளிச்சவ நான். என்ட புள்ளைக்கு மண் கெடச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ் எண்டு அவங்கட காதுபடவே சொன்னவ.

– மாப்புத் தாங்க சாச்சி.

– மாப்பெல்லாம் பொறகு. இப்ப இதப் பாடமாக்கித் தா. "இவன் என்ட மகன். கீழ இறக்கித் தாங்க. மண்ணுல வைக்கோணும்." ஏர்போட்டுல தண்ணி கேக்கத் தெரியாட்டி நான் சாகமாட்டன். இது தெரியாமப் போக ஏலாது.

– சாச்சி, கொஞ்சம் நில்லுங்க.

– கடிதாசெல்லாம் மீராசா எடுத்து வச்சிரிக்கான். நானே வலப்பக்கமாச் சரிச்சி வைப்பன். அங்க கிப்லா, மக்காப் பக்கம், கிழக்காலயாம், மௌலவி சொன்ன. எங்களுக்கு மேற்கு, அவனுக்குக் கிழக்கு. அதுவும் கேட்டு வச்சிட்டன்.

– நில்லுங்க சாச்சி! அந்த லாச்சி அஞ்சு வருசத்துக்குத் தான். அதுக்குப் பொறகு சொந்தம் எண்டு ஆரும் வராட்டி ஒழிச்சிருவாங்க.

– ஒழிச்சி?

– பின்னால ஒரு பெரிய குழி இரிக்கி. ஆரும் தேடி வராத ஆக்கள் எல்லாரையும் அதுக்குள்ள சேத்து... எங்களோட இரிந்த மொரோக்கோப் பொடியன் போய்ப் பாத்திட்டு போன் எடுத்தான். மேல் தட்டுல இப்ப வேற பேராம். போன மாசம் மாத்திரிக்காங்க.

– என்ட புள்ள?

– கீழ தான் சாச்சி. மண்ணுல.

– ஒனக்கு எப்ப தெரியும்?

– டிக்கட் போட்டாச்சி எண்டு நீங்க சந்தோசமா வந்து சொன்ன அண்டைக்கே சொல்லிருக்கோணும். வாய் வரல்ல. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பஸ்சையும் தேத்தண்ணியையும் சொல்லித் தந்திட்டுப் போறன்.

– கூட ஆரு ஆரு?

– தெரியா. பேரில்ல. ஒரு கல்லும் இல்லியாம்.

– இவன்ட வாப்பாவும் அப்படித்தான் கிடக்கார். சுனாமிக்குப் பொறகு எல்லாரையும் ஒரே குழியில தானே வச்ச. ஆனா அதுல கிடக்கிறது முழுக்க எங்கட ஊர் ஆக்கள். மச்சான்மாரும் கூட்டாளிமாரும். பேச்சுக்கு ஆளிரிக்கி எண்டு நினைச்சி மனசத் தேத்திக்குவன். இவனோட இரிக்கிறது எந்தச் சனம்?

– அந்த ஊர்ச் சனம் தான். வயசு போனதுகள், புள்ள குட்டி இல்லாததுகள்.

– ஜுனைட்டுக்கு அந்தப் பாஷை நல்லா வருமா?

– தோட்டத்துச் சொல்லு தான் வரும் சாச்சி. தக்காளி, பெட்டி, கெதியா, சம்பளம். அதுக்கு மேல அவனோட ஆரு கதைச்ச?

– ம்.

– அழுதிருங்க சாச்சி. இப்படி இரிக்காதீங்க.

– நீ கண்ணத் தொடச்சிட்டு நிமிந்து இரி. இறக்கித் தாங்க எண்டது இனி வேணா. அத உடு. வேற ஒண்டு சொல்லித் தா.

– என்னெத்த?

– அவனுக்கு நான் ஸலாம் சொல்லிக்குவன். மத்த ஆக்கள்ட, அந்தக் குழிக்கிட்டப் போய் நிண்டு, "நான் இவன்ட உம்மா. இவனுக்கு உங்கட பாஷை தெரியாது. கொஞ்சம் பாத்துக்குங்க" எண்டு எப்படிச் சொல்றது?