மதுரைக்காரருக்கு ஒரு நாள் டூர்

துரைக்கண்ணு: ...அதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். நான் மதுரை. ஜவுளிக்கடை வச்சிருக்கேன். நீ என் தங்கச்சி. நீடாமங்கலம்ங்கற பேரே உன் வாயில வரக்கூடாது.

தர்மாம்பாள்: சரிண்ணே. நான் வாயே தொறக்கல.

துரைக்கண்ணு: மெதுவாப் பேசு. காதுல விழுந்துடப் போவுது.

தர்மாம்பாள்: கைடு பார்க்கிங்குக்கு டோக்கன் வாங்கப் போயிருக்கான். வண்டிக்குள்ள நாம ரெண்டு பேருதான். சொல்லு, பையன் எப்படி?

துரைக்கண்ணு: ஏறி உக்காந்து அரை மணி கூட ஆவல... வண்டியைச் சுத்தமா வச்சிருக்கான். ஹாரன் அடிச்சு யாரையும் மிரட்டல. தண்ணி பாட்டில் நமக்குன்னு தனியா வாங்கி வச்சிருக்கான்.

தர்மாம்பாள்: அண்ணே, நாம குறை கண்டுபிடிக்க வந்திருக்கோம்.

துரைக்கண்ணு: தெரியும் தெரியும்... நம்ம ஆளுங்க இல்ல. அது ஒண்ணு போதாதா?

தர்மாம்பாள்: அதை உன் மருமவ குந்தவைகிட்ட நீயே போய்ச் சொல்லு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நான் என்ன மாமா சொல்லிக் குடுக்கறதுன்னு கேப்பா. வேற எந்தக் குறை இருந்தாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்னுட்டா.

துரைக்கண்ணு: பிள்ளைங்களைப் பெரிய கோயிலுக்கு டூர் கூட்டிட்டு வந்த டீச்சர், கைடைப் புடிச்சிட்டு வந்து நிக்கிறா. நீ அப்பவே ஒரு அதட்டு அதட்டியிருக்கணும்.

தர்மாம்பாள்: நான் அதட்டினா கேக்கறவளா? அவங்கப்பா போனதுலேர்ந்து உன் பேச்சுதான் அவளுக்கு. நீ வேணாம்னா விட்டுடுவா... ஆனா வேற ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டாண்ணே. அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல.

துரைக்கண்ணு: இரு, வர்றான்.

பரிதி: மன்னிச்சுக்கங்க சார், கொஞ்சம் கூட்டம். எறங்கலாங்களாம்மா? பெரிய கோயிலை முன்னாடி பாத்திருக்கீங்களா சார்?

துரைக்கண்ணு: எங்க தம்பி... கடை கடைன்னே காலம் போயிடுச்சு. இப்பத்தான் மொதத் தடவை.

*

பரிதி: சார்... தப்பா எடுத்துக்காதீங்க. கோயில் வாசல்ல பூக்காரம்மா உங்களைப் பாத்து, என்னங்கய்யா போன பிரதோஷத்துக்குக் காணோமேன்னு கேட்டாங்களே.

துரைக்கண்ணு: அது... எனக்குப் பொதுவான மூஞ்சி தம்பி.

தர்மாம்பாள்: ஆமா தம்பி. எந்த ஊருக்குப் போனாலும் யாராச்சும் கூப்பிட்டுடுவாங்க.

பரிதி: நந்தி பக்கத்துல குறுக்குவழி கூட நீங்கதான் எனக்குக் காட்டினீங்க.

துரைக்கண்ணு: கூட்டம் போன பக்கமாப் போனேன். அதை விடுங்க. நீங்க வெளிநாட்டுல இருந்ததா உங்க விளம்பரத்துல போட்டிருந்துச்சே?

பரிதி: ஸ்காட்லாந்துங்க. மூணு வருஷம். இதே வேலைதான். ஒரு குடும்பம், ஒரு வண்டி, ஒரு நாள். காலைல எடின்பரோவுல ஏத்திக்கிட்டு, பழைய கோட்டை, சண்டை நடந்த மைதானம், ஏரி எல்லாம் காட்டிட்டு, பொழுது சாய ஓட்டல்ல விட்டுடணும்.

துரைக்கண்ணு: அங்க யாரு கூடத் தங்கியிருந்தீங்க?

பரிதி: அதிராம்பட்டினத்துப் பசங்களோட சார். முறை போட்டுச் சமைப்போம்.

துரைக்கண்ணு: பொம்பளைங்க யாரும்...

தர்மாம்பாள்: அண்ணே.

துரைக்கண்ணு: சமையலுக்குத்தான் கேட்டேன்.

பரிதி: வீட்டுக்காரம்மா ஒருத்தங்க இருந்தாங்க சார். எண்பது வயசு. எங்க ரசத்தைக் குடிச்சிட்டு, இது எந்த வியாதிக்குன்னு கேட்டாங்க.

தர்மாம்பாள்: நல்லாத்தான் கேட்டிருக்கா. சரி, இந்தக் கோட்டையெல்லாம் பாக்க யாரு வருவாங்க தம்பி?

பரிதி: பாதிப்பேர் அமெரிக்கா, கனடாம்மா. தாத்தாவுக்குத் தாத்தா ஸ்காட்லாந்துலேர்ந்து கப்பலேறிப் போயிருப்பாரு. எங்க வகையறாவோட கோட்டை எதுன்னு கேட்டுக்கிட்டு வருவாங்க.

துரைக்கண்ணு: வகையறாவா? வெள்ளைக்காரனுக்குமா?

பரிதி: நம்மளை விட மேல சார். வகையறாவுக்கு ஒரு கட்டம் போட்ட துணி. செவப்புக் கட்டம் ஒருத்தருக்கு, பச்சைக் கட்டம் ஒருத்தருக்கு. ஆம்பளைங்க அதைப் பாவாடை மாதிரிக் கட்டிக்குவாங்க. ஜவுளிக்கடைக்காரர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

துரைக்கண்ணு: ஆங்... அந்தச் சரக்கு நம்ம கடையில போடறதில்ல. வகையறா மாத்திப் பொண்ணு குடுப்பாங்களா?

பரிதி: முன்னாடி வெட்டிக்கிட்டாங்க. இப்ப யாரு வேணும்னாலும் எந்தக் கட்டம் வேணும்னாலும் வாங்கி மாட்டிக்கலாம். எனக்கே ஒண்ணு வாங்கினேன்.

தர்மாம்பாள்: பாவாடையா?

பரிதி: கழுத்துல சுத்திக்கிறதும்மா. ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அங்கதான் வாங்கினேன். அங்க ஒரு வகையறா, வந்த பட்டாளத்துக்கு வீட்டுல எடம் குடுத்து, சோறு போட்டு வச்சிருந்தாங்க. ஒருநாள் விடியக்காலைல, அந்தச் சோத்தைத் தின்னவனுங்களே எழுந்திரிச்சு வீட்டுக்காரங்களை வெட்டிப் போட்டானுங்க. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஆறல சார். சண்டையில செத்தது எவ்வளவோ பேரு, அதையெல்லாம் மன்னிச்சிட்டாங்க. இதை மன்னிக்கல.

துரைக்கண்ணு: எப்படி மன்னிப்பான்? சோறு போட்ட கையை... சே.

தர்மாம்பாள்: அவ்வளவு நல்ல வேலையை விட்டுட்டு ஏன் வந்தீங்க தம்பி? ஏதாச்சும் தகராறா?

பரிதி: இல்லம்மா. அங்க இடிஞ்ச செவுத்தைக் காட்டிக் கதை சொல்வேன், எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பாங்க. நம்ம ஊர்ல இடியாமயே நிக்குது. கதை கேக்கத்தான் ஆளைக் காணோம். அதான் ஆளைத் தேடிக்கிட்டு வந்துட்டேன்... சார், மனோரா போயிட்டு வந்துடலாங்களா? கடலோரத்துக் கோட்டை. நெப்போலியன் தோத்ததுக்கு நம்ம சரபோஜி கட்டினது.

துரைக்கண்ணு: அவன் எங்கயோ தோத்ததுக்கு இவரு இங்க கட்டினாரா?

பரிதி: கூட்டாளி வெள்ளைக்காரன் ஜெயிச்சா கொண்டாடணும்ல சார்.

துரைக்கண்ணு: வண்டிய நிறுத்துங்க, வண்டிய நிறுத்துங்க.

பரிதி: என்னாச்சு சார்?

துரைக்கண்ணு: அந்த வயலைப் பாருங்க, வரப்போரம். கதிரெல்லாம் வெள்ளையா நிக்குது. குருத்துப்பூச்சி விழுந்திருக்கு. இந்த வயக்காரன் எங்க போய்த் தொலைஞ்சான்? நான் பத்து வருஷம் முன்னாடி...

தர்மாம்பாள்: அண்ணே. மதுரை.

துரைக்கண்ணு: ...கடைக்கு வர்ற ஒரு சம்சாரி சொன்னாரு தம்பி. பத்து வருஷம் முன்னாடி.

பரிதி: நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க சார்.

*

தர்மாம்பாள்: காத்து நல்லா வந்துச்சுல்ல மனோராவுல?

பரிதி: பசிக்குமேம்மா இப்ப. சாப்பாடு டூர்லயே சேர்த்தி. ஓட்டல் இல்ல, வீட்டுச் சாப்பாடு. ஸ்காட்லாந்துல கத்துக்கிட்டது. கோட்டையை மறந்துடுவாங்க, சாப்பிட்ட வீட்டை மறக்க மாட்டாங்க.

துரைக்கண்ணு: யாரு வீடு தம்பி?

பரிதி: எங்க வீடுதாங்க. அம்மா சமைச்சிருக்காங்க. இதோ, இந்த வாய்க்காலைத் தாண்டினா எங்க தெரு... நீங்க உக்காந்திருங்க, நான் போய் எலை போடச் சொல்லிட்டு வர்றேன்.

துரைக்கண்ணு: தர்மு.

தர்மாம்பாள்: என்னண்ணே?

துரைக்கண்ணு: எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிடு. நான் வண்டியிலயே இருக்கேன்.

தர்மாம்பாள்: மனோரா வாசல்ல ரெண்டு எளநி, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அந்த வயிறா?

துரைக்கண்ணு: வெளயாடாத. எந்த ஊரா இருந்தாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம்ம வீட்டு ஆம்பளைங்க யாரும் கை நனைச்சதில்ல. உனக்கே தெரியும்.

தர்மாம்பாள்: நம்ம வீட்டு ஆம்பளைங்க சரி. நீதான் மதுரைக்காரனாச்சே.

துரைக்கண்ணு: என்ன?

தர்மாம்பாள்: மதுரையிலேர்ந்து வந்த ஜவுளிக்கடைக்காரருக்கு இது எந்தத் தெரு, அது எந்தத் தெருன்னு என்ன தெரியும்? பசிக்குது, எலை போட்டிருக்காங்க, உக்காந்து சாப்பிடுவாரு. நீ மாட்டேன்னு உக்காந்தீன்னா, ஏன்னு கேப்பாங்க. அப்ப நாம யாருன்னு வெளிய வந்துடும்.

துரைக்கண்ணு: என்னை மடக்கற...

தர்மாம்பாள்: மதுரைன்னு சொன்னது யாரு?

துரைக்கண்ணு: அதுக்கில்ல தர்மு... சாப்பிட்டுட்டு அப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது? அந்தப் பள்ளத்தாக்குக் கதையை வேற சொல்லித் தொலைச்சிட்டான். அந்த வீட்டு உப்பைத் தின்னுட்டு, நாளைக்கு அவன் தலையில கல்லைத் தூக்கிப் போடறதா? என்னால முடியாது. அதுக்குத்தான் பயப்படறேன்.

தர்மாம்பாள்: அப்ப யோசிச்சுக்க. நான் உள்ள போறேன். எனக்குப் பசிக்குது.

துரைக்கண்ணு: ஏ... இரு. செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன்.

*

தர்மாம்பாள்: எங்க போயிட்ட? கை கழுவப் போன ஆளைக் காணோமேன்னு பாத்தேன்.

துரைக்கண்ணு: இங்கதான்... மாமரத்தடியில நின்னேன்.

தர்மாம்பாள்: கண்ணு ஏன் செவந்திருக்கு?

துரைக்கண்ணு: காரம்.

தர்மாம்பாள்: காரமே இல்லியே.

துரைக்கண்ணு: சும்மா இரேன்... அந்தம்மா சோத்தைப் போட்டுட்டு என் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு பாத்தியா? நான் மொதக் கவளத்தை வாயில வைக்கிற வரைக்கும் மூச்சே விடல. வச்சதும் சட்டுனு திரும்பி முந்தானையால மூஞ்சியைத் தொடச்சிக்கிச்சு. மதுரைக்காரன் சாப்பிட்டதுக்கு ஏன் அப்படித் தொடைக்கணும்? வெக்கமாப் போச்சு தர்மு.

தர்மாம்பாள்: சரி, குறை ஏதாச்சும் கண்டுபிடிச்சியா?

துரைக்கண்ணு: ஒண்ணு இருக்கு. ரொம்ப மெதுவா வண்டி ஓட்டறான்.

தர்மாம்பாள்: அதைச் சொல்லி நிறுத்திடலாமா?

துரைக்கண்ணு: போடி... தம்பி, இங்க வாங்க.

பரிதி: வெத்தலை கொண்டாந்தேன் சார்.

துரைக்கண்ணு: இருக்கட்டும். ஒரு விஷயம் சொல்லணும். நான் மதுரை இல்ல. ஜவுளிக்கடையும் இல்ல.

பரிதி: சரிங்க.

துரைக்கண்ணு: நீடாமங்கலம் துரைக்கண்ணு. குந்தவையோட தாய்மாமன். இது அவ அம்மா. உங்ககிட்ட ஏதாச்சும் குறை கண்டுபிடிக்கலாம்னுதான் வந்தோம். கெடைக்கல. அதுல எனக்கு வருத்தமும் இல்ல. வர்ற தையில அம்மாவை முறைப்படி பொண்ணு கேட்டு வரச் சொல்லுங்க. வாசல்ல நின்னுட்டுப் போற கதையெல்லாம் வேணாம். நேரா உள்ள வரணும், நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போவணும். எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்.

பரிதி: சரிங்க மாமா.

துரைக்கண்ணு: என்ன... சட்டுனு மாமாங்கற? அதிர்ச்சியே இல்லியா உனக்கு?

பரிதி: காலைலேர்ந்து சார் சார்னு கூப்பிட்டே நாக்கு வலிக்குது மாமா.

துரைக்கண்ணு: பூக்காரியா? பூச்சியா? எதுல மாட்டினேன்?

பரிதி: அத்தையைக் கேளுங்க.

துரைக்கண்ணு: அத்தையா? தர்மு... என்ன சிரிக்கிற? இரு இரு. தேங்கா அரைச்சு ஊத்தாத கொடுவா மீன் கொழம்புதான் எனக்கு எறங்கும்னு அந்தம்மாவுக்கு யாரு சொன்னது?

தர்மாம்பாள்: நான்தான். மாப்பிள்ளையை நான் ஆவணியிலயே பாத்து, இந்த வீட்டுல சாப்பிட்டுட்டும் போயிட்டேண்ணே... பொண்ணோட மாமன் எப்படிப்பட்டவருன்னு தெரியாம பையனைக் குடுக்க மாட்டேன்னு சம்பந்தியம்மா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. அதான் உன்னைக் கூட்டியாந்து காட்டினேன்.