அட்மின் ஆக்கிய அண்ணன்

பொம்மசந்திரா பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். நாலாவதோடு படிப்பை விட்டு, யார் துணையும் இல்லாமல் இரண்டு கடை போட்டவன் நான். எதற்கும் அசைய மாட்டேன். இளையவள் பேச்சைக் கேட்டு நானே சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“அக்கா, நான் கேக் விக்கிற பேஜ்ல இருந்து எனக்கே மெசேஜ் வருது. கேக்குக்கு அட்வான்ஸ் அனுப்பணுமாம்.”

“என்னடி உளறுறே?”

“ஆன்லைன் வியாபாரம் கத்துக்கிற குரூப்ல, விளம்பரம் போடத் தெரியலன்னு கேட்டேன். ஒரு அண்ணன், ‘நான் இருக்கேன் சிஸ்டர், பேஜுக்கு என்னை அட்மின் ஆக்குங்க’ன்னாரு. ஆக்கினேன். என்னையே வெளிய தள்ளிட்டாரு.”

“குரூப்ல சொல்லு.”

“அந்த குரூப்புக்கும் அவருதான் அட்மின். சர்ச்ல எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட போவேன்?”

பெரியவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

“நீதான் கேக்குறியேன்னு நேத்தே நானும் பணம் அனுப்பிட்டேன்டி.”