பின்மூடியைத் திறக்கக் கூடாது

— கட்டி இல்லைன்னாரா, கட்டி இருக்கு ஆனா ஒண்ணுமில்லைன்னாரா?

— இருக்கு அல்போன்சா. ஆனா சும்மா கட்டி. அது பாட்டுக்குக் கழுத்துல கெடக்கும், ஒண்ணும் பண்ணாது.

— நான் கேட்டது அது இல்ல. டாக்டரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க.

— 'மிஸ்டர் ராயப்பராஜ், இது கேன்சர் இல்ல, வெறும் கொழுப்புக் கட்டி, வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்புட்டுத் தூங்குங்க'ன்னாரு. நீயும் பக்கத்துலதான உக்காந்திருந்த?

— உக்காந்திருந்தேன். 'இல்ல'ங்கிற வரைக்கும்தான் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவரு வாய் மட்டும் ஆடுச்சு. கொழுப்புன்னா சொன்னாரு?

— கொழுப்புதான்.

— அத நான் கல்யாணமான நாள்லருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுக்கு மதுரைக்குப் போயி ஊசியால குத்திப் பாக்கணுமாக்கும்.

— அப்பாடா, சிரிச்சுட்ட! ஒன் பல்லப் பாத்தே எத்தன நாளாச்சு.

— சிரிக்கல, அழுகுறேன். ரெண்டும் ஒண்ணா வருது. சேசுவே...

— அழு, அழு. கெடக்கட்டும். கோடை ரோடு ஸ்டேஷன்ல நம்மளத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? ரயிலும் கிராஸிங்குக்குத்தான் நிக்குது, கெளம்ப இன்னும் செத்த நேரமாகும். பிளாட்பாரத்துல நல்ல காத்து. இந்தா, திராட்சை தின்னு.

— கழுவாம வாயில போடாதீங்க.

— கேன்சரே இல்லைன்னுட்டாரு...

— கேன்சர் இல்லைன்னா மருந்தடிச்ச திராட்சைய அப்படியே திங்கலாம்னு அர்த்தமா? அப்பறம், ஒண்ணு சொல்லணும். நான் மாதாகிட்ட நேந்திருக்கேன்.

— என்னான்னு?

— நல்லபடியா வந்துட்டா வெத்தலை பாக்க விட்டுர்றதா.

— நீ எங்கடி வெத்தலை போடுற?

— நான் போடல. நீங்க போடுறீங்கல்ல.

— அதான பாத்தேன்! நேந்துக்கிட்டது நீ, விடுறது நானா? மாதா இத ஒத்துக்கிச்சா?

— ஒத்துக்கிட்டதாலதான் இப்ப இங்க உக்காந்து திராட்சை திங்கிறீங்க.

— சரி, சரி. விட்டுர்றேன். இன்னைக்கு நீ கழுத்த வெட்டிக்கச் சொன்னாலும் வெட்டிக்குவேன். ஒன் பைக்குள்ள அந்தக் கேமரா இருக்குல்ல, எடு.

— எதுக்கு?

— இத்தன நாளா நீதான என்னயப் புடிச்ச. திங்கிறப்ப, சவரம் பண்றப்ப, கடையில பெயிண்ட்டு கலக்குறப்ப, கோயிலுக்குக் கெளம்பி நிக்கிறப்ப. இன்னைக்கு ஒன்னய நான் புடிக்கிறேன்.

— ஒங்களுக்கு எடுக்கத் தெரியாது.

— சொல்லிக்குடு. மூணாங்கிளாஸ் டீச்சர்தான நீ?

— மூணாங்கிளாஸ் புள்ளைங்க சொன்னபடி கேக்கும்.

— நானும் கேக்குறேன் டீச்சர்.

— கையக் காட்டுங்க. பூரா திராட்சைச் சாறு. தொடைங்க. வேட்டியில இல்ல, கர்ச்சீப்புல! ம்... இப்ப இந்தக் கேமரா வார மணிக்கட்டுல மாட்டுங்க. கீழ விழுந்தா வேற கெடைக்காது. அனிஷா தேடித் தேடி வாங்குனது.

— ஊருலகமே போன்ல எடுக்குது, நம்ம புள்ள பிலிம் ரோலு கேமராவுக்கு அலையுது.

— அவகூட வேல பாக்குற புள்ளைக எல்லாம் பெங்களூர்ல இதாலதான் எடுக்குதுகளாம். லீவு முடிஞ்சு கெளம்பயில, ரோலு மாட்டிருக்கேன், வச்சுக்கம்மான்னு குடுத்துட்டுப் போனா. சரி, முன்னாடி இருக்குற மூடியத் தள்ளுங்க. மெதுவா. தள்ளுனதும் உள்ள கண்ணு தெரியும், அதான் ஆன்.

— தெரியுது. கண்ணுல தூசி இருக்கே, ஊதவா?

— ஊதாதீங்க, எச்சி தெறிக்கும். வெரலாலயும் தொடாதீங்க, எண்ணெய் ஒட்டிக்கும். என் மூக்குக்கண்ணாடித் துணி இந்தா. அழுத்தாம ஒத்தி எடுங்க. கைப்புள்ளைக்கு மொகம் தொடைக்கிற மாதிரி.

— ஒத்திட்டேன். அடுத்தது, இந்த ஓட்டை வழியாப் பாக்கணும். பாக்குறேன். நீ தெரியுற. அழகாத்தான் இருக்க.

— வாய மூடிக்கிட்டுப் பாருங்க. உள்ள ஒரு கட்டம் போட்டிருக்கா? அதுக்குள்ளதான் தல இருக்கணும். நீங்க பாக்குற ஓட்டை வேற, படம் புடிக்கிற கண்ணு வேற. ரொம்பக் கிட்ட வந்தா தல வெட்டிப் போயிரும். எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.

— ஓட்டை வேற, கண்ணு வேற. கிட்டப் போனா தல போயிரும். இது கேமராவுக்கா, ஒனக்கா?

— பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருவேன். அடுத்தது பட்டன். மொதல்ல பாதி அமுக்கணும். பச்ச லைட்டு எரியும். எரிஞ்சப்புறம்தான் மீதி. வெடுக்குன்னு அமுக்குனா கை ஆடி மூஞ்சி கலங்கிப் போயிரும்.

— பாதி... பச்சை...

— இப்ப அமுக்காதீங்க! நான் தலயே சீவல. போன் மாதிரி எடுத்து எடுத்து அழிக்க முடியாது இதுல. எத்தன மிச்சம் இருக்குன்னு வேற தெரியல, நம்பர் காட்டுற இடம் அவிஞ்சு கெடக்கு. ரோலு முடிஞ்சா அதுவே கிர்ருன்னு சுத்திக்குமாம்.

— இன்னும் சுத்தலையா?

— சுத்தல. அதனால பாத்துப் பாத்து எடுக்கணும்.

— சரி, வெயிலுக்கு என்ன பண்றது?

— வெயிலு ஒங்க முதுகுப் பக்கம் இருக்கணும். இப்ப நான் நெழல்ல இருக்கேன், எனக்குப் பின்னாடி தண்டவாளம் பளபளன்னு அடிக்குது. இப்பிடியே எடுத்தா என் மூஞ்சி கருத்துரும். அதுக்குப் பகல்லயும் பிளாஷ் போடணும். மின்னல் படம் போட்ட பட்டன் அது.

— அதான பாத்தேன்! சவரம் பண்ணிக்கிட்டு இருக்கையில மூஞ்சியில பளீர்னு அடிச்ச. கன்னத்தக் கீறிக்கிட்டேன்.

— அது நல்லா விழுந்திருக்கும். கன்னம் பூரா நொரையோட, பாதி மறைஞ்ச மீசையோட. கழுவிப் பாத்தாத் தெரியும்.

— கழுவணும்னா எப்பிடி, இந்தத் திராட்சையோட சேத்தா?

— கேலியா? ரோலக் கழுவுறதுன்னா இருட்டுல வச்சு மருந்துல கழுவுறது. அனிஷாவுக்கு அனுப்புனா அங்கயே கழுவி பிரிண்ட் போட்டுத் தருவா.

— வீட்டுல இத எங்க வச்சிருந்த?

— மொதல்ல அரிசி டப்பாவுக்குள்ள வச்சேன், ஈரம் ஏறாதுன்னு. தவிட்டுத் தூசி உள்ள போயிரும்னு அனிஷா வஞ்சா. அதுக்கப்பறம் ஒங்க புதுச் செருப்பு டப்பாவுல 'தின்னாதீங்க'ன்னு எழுதுன குட்டிப் பொட்டலம் வந்துச்சே, அதையும் போட்டு ஒரு டப்பாவுல மூடி வச்சேன். நீங்க ஒருநா தூக்கி ஸ்கூட்டர் டிக்கியில போட்டுட்டுப் போயிட்டீங்க, எனக்கு உசுரே போச்சு. நம்ம ஊரு வெயில்ல ரோலு வெந்துரும்ல. ரொம்ப நாளு எடுக்கலைன்னா பேட்டரியையும் கழட்டி வைக்கணும், கசிஞ்சிரும்.

— என்னயக்கூட நீ இம்புட்டுக் கவனமாப் பாத்ததில்ல.

— ஒங்களுக்காகத்தான் இத இம்புட்டுக் கவனமாப் பாத்தேன்.

— ம்... சரி டீச்சர். பக்கவாட்டுல ஒரு குமிழு இருக்கே, இது எதுக்கு?

— அதத் தொடாதீங்க. அது பின்மூடி. ரோலு முடிஞ்சு, சுருண்டு டப்பிக்குள்ள போனப்புறம்தான் அதத் திறக்கணும். நடுவுல திறந்தா வெளிச்சம் பட்டு, எடுத்த அம்புட்டும் போயிரும். எங்க, சொல்லுங்க. பின்மூடிய...

— பின்மூடிய இப்பிடித் தள்ளி...

— ஐயோ! மாதாவே! மூடுங்க, மூடுங்க! என்ன பண்ணிட்டீங்க!

— கை பட்டுருச்சு.

— கை படுமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போச்சு. எல்லாம் போச்சு. நீங்க வெள்ளச் சட்ட போட்டுக் கோயில் வாசல்ல நின்னது, முருங்கைக் கொம்ப ஒடிச்சது, சாஞ்சுக்கிட்டு பேப்பர் படிச்சது... ஒண்ணுகூட இல்லாமப் போச்சு...

— அல்போன்சா, இங்க பாரு. நான்தான் இருக்கேன்ல.

— இன்னைக்குக் காலையில வரைக்கும், அது மட்டும்தாங்க எனக்கு மிஞ்சும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— இப்ப நானே மிஞ்சிட்டேன்ல? அழாத. உள்ள ஒருதடவ பாரு.

— பாக்க மாட்டேன்.

— பாருன்னா.

— என்னத்தப் பாக்க... என்னங்க இது? ரோலு எங்க?

— எங்க?

— இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. காலியாக் கெடக்கு. ரோலே இல்லைங்க! அப்ப ஒண்ணும் அழியல!

— அழியிறதுக்கு ஏதாவது இருந்தாத்தான?

— காத்தையா புடிச்சேன் இத்தன நாளா? கிர்ரு கிர்ருன்னு சத்தம் வேற வந்துச்சே! ரோலு கழிஞ்சிருமேன்னு நான் ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சுல்ல எடுத்தேன்!

— பாரு, மறுபடியும் சிரிக்கிற.

— சிரிக்காம? காலி டப்பாவுக்கு பிளாஷ் வேற போட்டு, ஒங்க கன்னத்த வேற கீற வச்சு... ஐயோ, வயிறு வலிக்குது. நல்லதாப் போச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன். நெஞ்சுல இருந்த பாரம் இப்பத்தான் எறங்குச்சு. டாக்டரு சொன்னப்பக்கூட எறங்கல.

— படம் இல்லைன்னதுக்கா இம்புட்டு சந்தோசம்? அப்ப எதுக்குத்தான் எடுத்த? எடுக்கணும்னா போன்லயே எடுத்திருக்கலாம்ல.

— போன்ல எடுத்தா ஒடனே பாக்கணும். பாத்தா அழுதுருவேன். இதுல பாக்க வேண்டியதில்ல, எடுத்து வச்சுக்கலாம். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க.

— எங்க அண்ணன் செத்தப்ப தெருமுக்குல வச்ச பிளெக்ஸு ஞாபகம் இருக்கா?

— ம்.

— கண்ணீர் அஞ்சலி. வீட்டுல நல்ல படமா ஒண்ணு இல்லைன்னு ஆதார் கார்டுல இருந்ததப் பெருசு பண்ணி அடிச்சோம். போலீஸு தேடுற ஆளு கணக்கா முழிச்சுக்கிட்டு நின்னாரு மனுசன்.

— இப்ப எதுக்குங்க அது?

— அனிஷா ஊருக்குப் போன மறுநாளே நீ அவளுக்குப் போனப் போட்ட. 'பத்தடிக்குப் பெருசு பண்ணாலும் அப்பா மொகம் தெளிவா வருமா'ன்னு கேட்ட. நான் அந்தப் பக்கம் குளிச்சிட்டு வாரேன். நம்ம வீட்டுல பத்தடிக்கு எங்கடி செவுரு இருக்கு?

— கேட்டுட்டீங்களா...

— கேட்டேன்.

— மன்னிச்சிருங்க. பெரியவர நிக்க வச்ச மாதிரி ஒங்கள நிக்க வச்சிரக் கூடாதுன்னுதாங்க. அந்த பிளெக்ஸப் பாத்து ரெண்டு பேரு சிரிச்சுட்டுப் போனத என் கண்ணால பாத்தேன். அது ஒங்களுக்கு... எனக்கு வாயில வரமாட்டேங்குது.

— வர வேணாம். அந்த பிளெக்ஸுக்கு இப்ப வேலையும் இல்ல. கண்ணத் தொடச்சுக்க.

— இருங்க, மொதல்ல அவளுக்குப் போனப் போடுறேன். ரோலு மாட்டிருக்கேன்னு சொல்லிக் குடுத்தாளே, கழுத! நான் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லில்ல அமுக்குனேன். இன்னைக்கு அவள வச்சுக்கிறேன்.

— நல்ல சேதிய மட்டும் சொல்லு. புள்ள காலையிலருந்து காத்துக்கிட்டு இருப்பா. ரோலு பேச்ச எடுக்காத.

— ஏன் எடுக்கக் கூடாது? செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லணும்ல?

— அவ மேல தப்பில்ல. விடு.

— செல்லம் குடுத்தே கெடுங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க எல்லாம் தெரிஞ்சேவா வந்து நின்னீங்க? அந்தப் படம் எதுக்குன்னு தெரிஞ்சும், நான் கூப்புடுறப்பல்லாம் மீசைய நீவிக்கிட்டு, என்னமாச் சிரிச்சீங்க! நான் உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைக்கிறேன், ஒங்களுக்குப் பயமே இல்லையா?

— பயமில்லாமலாடி, நீ பத்தடின்னு கேட்ட அன்னைக்கே உள்ள இருந்த ரோலக் கழட்டிச் சட்டப்பையில போட்டுக்கிட்டு வந்து நின்னு சிரிச்சேன்? இந்தா, இப்ப மாட்டு.