நாப்பத்தோரு மார்க்

உங்களுக்கு யாராவது மார்க் போட்டு எத்தனை வருஷம் இருக்கும்?

இவருக்கு வாரா வாரம் போடுறாங்க. வயசு நாப்பத்தெட்டு. பதினோரு வருஷம் பட்டாளத்துல வண்டி ஓட்டிட்டு வெளிய வந்து, இப்ப ஏழு வருஷமா ஒரு கம்பெனியில தூர லோடு லாரி ஓட்டுறாரு. கூட ஓட்டுறவங்க எல்லாருக்கும் அவரு "பட்டாளம்"தான். சொந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும் உசுரோட இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கம்பெனியில ஒவ்வொரு லாரியிலயும் டிரைவர் மூஞ்சிக்கு நேரா ஒரு கேமராவக் கொண்டாந்து மாட்டுனாங்க. கண்ணு ரோட்ட விட்டு ரெண்டு செகண்ட் நகர்ந்தா அது கத்தும். எத்தனை தடவ கத்துச்சு, எங்கெங்க கத்துச்சுன்னு கூட்டிக் கழிச்சு திங்கக்கிழமை மார்க் வரும். மூணு வாரம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழ போனா லாரிய விட்டு இறக்கிடுவாங்க. இவருக்கு இது மூணாவது வாரம்.

ஆபீஸ் போன் வந்தப்போ மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஹைவே ஓரமா லாரிங்க நிக்கிற மைதானத்துல, டைல்ஸ் லோடோட, சீட்ல சாஞ்சு டீ குடிச்சிட்டு இருந்தாரு. கேமரா மேல அவரோட சாக்ஸ் ஒண்ணு மாட்டியிருந்துச்சு.

"ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான்... ஆமா ஆமா, பட்டாளம்தான், சொல்லுங்க... எந்த செக்‌ஷன்?... பாதுகாப்பா. யாரோட பாதுகாப்புங்க?... இல்ல, சும்மா கேட்டேன் மேடம்.

"...கேமராவா. இருக்கே. எதுக்கவேதான் இருக்கு... இருட்டாத் தெரியுதா?... சாக்ஸ்... சாக்ஸுங்க, கால்ல போடுறது... துவைச்சதுதான் மேடம். ஏன், அங்க வரைக்கும் வாசம் அடிக்குதா?

"...சரி சரி. எடுத்துட்டேன். தெரியுதா மூஞ்சி?... ஷேவ் பண்ணல. அதுக்கும் குறைப்பீங்களா?

"...எவ்ளோ?... நாப்பத்தொண்ணு. போன வாரம் நாப்பத்தாறு... ஆமா ஆமா, புரியுது, இறங்கிட்டே போகுது. நான் பள்ளிக்கூடத்துலயே இதவிட ஜாஸ்தி வாங்குனவன் மேடம். அதுவும் கணக்குல.

"...இல்ல, நான் ஒண்ணு கேக்குறேன். ஏழு வருஷம். ஒரு கீறல்? ஒரே ஒரு கீறல் காட்டுங்க... காட்ட முடியாதுல்ல. அந்த சிவப்பு லாரிக்காரன் போன வருஷம் டோல் கேட்டையே பிடுங்கிட்டுப் போனான். அவனுக்கு எவ்ளோ?... எண்பத்தெட்டா... ம். ரோட்டையே பார்த்துக்கிட்டு இடிச்சிருப்பான்.

"...கண்ணாடியத்தான் பார்க்குறேன் மேடம். வேற எங்க பார்க்குறேன், வானத்துல நட்சத்திரமா எண்ணுறேன்? மூணு செகண்டுக்கு ஒரு தடவ கண்ணாடி பார்ப்பேன். லாரி ஓட்டுறவன் கண்ணாடி பார்க்கக் கூடாதா?... அதத்தான் சொல்றேன். பார்த்தா அது திட்டுது. 'கவனம். சாலையை நோக்கவும்.' நோக்கவுமாம். எங்க டீச்சர் கூட அப்படி ஒரு நாளும் பேசுனதில்ல. அமைதியா போயிட்டு இருக்கும்போது திடீர்னு கத்துச்சுன்னா எனக்கு... இல்ல. ஒண்ணுமில்ல. தூக்கிப் போடுது, அவ்வளவுதான். யாருக்கா இருந்தாலும் தூக்கிப் போடும்.

"...இருக்கேன். லைன்லதான் இருக்கேன். போய்ப் பாருங்க."

ஹோல்டுல ஏதோ வாத்தியம் ஓடுச்சு. அவரு போனத் தொடை மேல வச்சிட்டு, திரும்பி சீட்டுக்குப் பின்னாடி பார்த்தாரு. ரெண்டரை அடி அகலத்துல ஒரு படுக்கை. ஒரு போர்வை. உலகத்துல அவருக்குத் தூக்கம் வர்ற இடம் அது ஒண்ணுதான். கதவு ரெண்டையும் உள்ள இருந்து பூட்டி, காலால ஒரு கதவு, தலையால ஒரு கதவு தொட்டுட்டு படுத்தா நாலு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. வீட்ல மெத்தையில படுத்தா விடிய விடிய கூரையப் பார்த்துட்டுக் கிடப்பாரு. அப்புறம் எழுந்து வாசக் கதவு பூட்டியிருக்கான்னு பார்ப்பாரு. அப்புறம் மறுபடியும் பார்ப்பாரு. இந்த மனுஷனுக்கு வீடே ஒட்டலன்னு வீட்டுக்காரி முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. அவரும் அத மறுத்துப் பேசல. வேற எதையாவது சொல்றத விட இது சுலபமா இருந்துச்சு.

"...ஆங், சொல்லுங்க... படிவமா. என்ன படிவம்?... காரணம் எழுதணும். சரி. மூணு கட்டம். படிங்க... அலட்சியம்... வண்டிக் கோளாறு... உடல்நலம். அவ்வளவுதானா?

"...ரெண்டாவது போடுங்க. கண்ணாடி லூஸா இருக்கு, ஆடுது, அதனாலதான் திரும்பித் திரும்பிப் பார்க்குறேன்... மெக்கானிக் பார்த்துட்டாரா. எப்போ?... அவனா. என் காசுல டீ குடிச்சிட்டு எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தானா. நல்லா இருக்கட்டும்.

"...அலட்சியம்னு போட்டா?... லாரி கிடையாது. கோடவுன்ல பெட்டி தூக்குற வண்டி. எவ்ளோ நாளைக்கு?... ஒரேயடியாவா. சரி, உடல்நலம்னு போட்டா?... டாக்டர் பார்க்கணும். அது வரைக்கும் ஓட்டக் கூடாது... எத்தனை மாசம்?... தெரியாது. திரும்பக் குடுப்பீங்களா?... அவரு சொன்னா. அவரு சொல்லலன்னா?

"...அதாவது மேடம், நான் ஒண்ணு கெட்ட டிரைவர், இல்லன்னா சீக்காளி. நல்ல டிரைவர்னு ஒரு கட்டம் அச்சடிக்க இடம் பத்தலையா?

"...சத்தம் போடல. நான் பேசுறதே இப்படித்தான்.

"...மேப்பா? என்ன மேப்பு?... ஆமா, லேன் மாத்துறேன். மாத்துனா என்ன, இண்டிகேட்டர் போட்டுத்தான்... முப்பத்தி நாலு தடவ. கம்ப்யூட்டர் எண்ணுச்சா?... நீங்களா. நீங்களே உக்காந்து எண்ணுனீங்களா. வேற வேலை இல்லையா மேடம்?... எங்க?"

அவரு டீ கிளாஸ டேஷ்போர்டுல வச்சாரு.

"...இருக்கேன்... பாலத்துக்கு அடியில. ஆமா... அது வந்து, பாலத்துல இருந்து தண்ணி சொட்டும். முன் கண்ணாடில விழும். அதான் ஒதுங்குவேன்... அந்த வாரம் மழையே இல்லையா... புறா. புறா எச்சம் போடும்... முப்பத்தி நாலு பாலத்துலயும் புறா இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், போய்ப் பார்த்தீங்களா?... சிரிக்காதீங்க... நான் சிரிக்கல மேடம்.

"...இத மேல யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?... சொல்லல. ஏன்?... என்கிட்ட முதல்ல கேக்கணும்னா. ம்.

"...ஏம்மா, இது ரெகார்ட் ஆகுதா?... ஆகுதா. சரி ஆகட்டும், எவன் கேக்கப் போறான்.

"...பட்டாளத்துல நான் ஓட்டுனதும் லாரிதான். சாப்பாட்டு மூட்டை, டீசல், கட்டில், எல்லாம் ஏத்துவோம். பத்துப் பதினஞ்சு வண்டி வரிசையா போகும். ரோட்டுக்கு மேல பாலம் வரும்ல, அங்க ஆளு நிப்பான். நம்ம எந்த லேன்ல உள்ள நுழையுறோம்னு பார்த்து, அந்தப் பக்கம் அதே லேனுக்கு நேரா போட்டுடுவான்... என்னத்தயா, குண்டோ கல்லோ, என்ன கிடைக்குதோ அத. அதனால உள்ள போனதும் லேன் மாத்தணும். நுழைஞ்ச லேன்ல வெளிய வரக் கூடாது. எல்லாருக்கும் அதுதான் பாடம்.

"...எனக்குப் பின்னாடி வண்டி ஓட்டுனவன் பேரு சுருட்டை... தலையில ஒரு முடி கிடையாது, அதான் அந்தப் பேரு. அன்னைக்கு நான் மாத்துனேன். நான் மாத்துனா அவனும் மாத்தணும். அவன் ஏன் மாத்தலன்னு இன்னும் எனக்குத் தெரியாது. பாலத்துக்குள்ள போகும்போது கண்ணாடில பார்த்தேன், இருந்தான். தாண்டி வந்து பார்த்தேன்... ஆமா... ஆமா... புகைதான் இருந்துச்சு.

"...எட்டு வருஷம். ஒரு மாசம் கூடக் குறைய... டாக்டர்கிட்ட போனேன். பட்டாளத்து டாக்டர். நீளமா ஒரு பேரு சொன்னாரு, சீட்டுல எழுதிக் குடுத்தாரு. சட்டைப் பையில வச்சேன். சட்டை துவைக்கப் போச்சு, சீட்டும் போச்சு. நோயும் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

"...இங்க யாரும் நிக்கலன்னு எனக்குத் தெரியாதாம்மா? நான் என்ன லூசா? பாலத்து மேல சைக்கிள்காரன் போவான். எவனாவது போன்ல பேசிட்டு நிப்பான். தெரியும், நல்லாத் தெரியும். கை கேக்க மாட்டேங்குது. பாலத்தப் பார்த்ததும் அது தானா திருப்பிடுது.

"...ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல. ஏழு வருஷத்துல ஒரு ஆளு, ஒரு நாயி, ஒண்ணும் ஆகல. அதத்தான் நான் சொல்றேன். பார்த்துத்தான் மாத்துறேன். உங்க கேமரா புள்ளையார் மாதிரி நேரா பார்க்கச் சொல்லுது, நான் நாலு பக்கமும் பார்க்குறேன். அதுக்கு நாப்பத்தொண்ணு...

"...வியாழக்கிழமையா? வியாழக்கிழமை என்ன?... வீடியோவா. எனக்கா... வந்திருக்கு. இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். வச்சிடாதீங்க."

வீடியோ பத்து செகண்ட்தான். திரையில பாதி அவரு மூஞ்சி. மீதி பாதி, லாரியோட இடது பக்கத்துல மாட்டியிருக்கிற இன்னொரு கேமரா பார்த்த ரோடு. அந்தப் பாதியில ஒரு சின்ன வெள்ளைக் காரு பின்னாடி இருந்து வந்து லாரிக்குப் பக்கத்துல சேர்ந்துச்சு. ஒரு பொம்பளை ஓட்டிட்டு இருந்தாங்க. பாலத்தோட நிழல் விழுந்துச்சு. லாரி இடது பக்கம் சாஞ்சுச்சு. காரு ரோட்ட விட்டு மண்ணுல இறங்கி, புழுதியக் கிளப்பி, ரெண்டு சக்கரம் தூக்கி, எப்படியோ நின்னுச்சு. லாரிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கலாம். பின் சீட்டு ஜன்னல்ல ஒரு குழந்தையோட கை, விரிச்சு, கண்ணாடில அப்பி இருந்துச்சு.

"...இது நான் இல்ல... சட்டை என்னோடதுதான். ஆமா, வண்டியும்...

"...இருங்க. மறுபடியும் போடுறேன்.

"...நான் கண்ணாடி பார்த்தேனே. மூணு செகண்டுக்கு ஒரு தடவ... பார்க்கலையா. எங்க பார்த்துட்டு இருக்கேன்?... மேல... ஆமா. மேலதான் பார்க்குறேன்... எத்தனை செகண்ட்?... அஞ்சு.

"...அவங்க ஹாரன் அடிச்சாங்களா?... அடிச்சாங்க. எனக்குக் கேக்கலயே. இது கத்துச்சா?... இதுவும் கத்துச்சா. இதுவுமா கேக்கல.

"...அப்புறம் போயிட்டாங்களா? புகார் குடுக்கல?... அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே... உங்களுக்கு எப்படித் தெரியும், ஒண்ணும் இருந்திருக்காதுன்னு. தெரியாதுல்ல. தெரியாதுன்னு சொல்லுங்க.

"...இத முதல்லயே காட்டியிருக்கலாம்ல மேடம்? புறா, மழை, மெக்கானிக்கு, எல்லாத்தையும் உளற விட்டு... நானா சொல்லணும்னு பார்த்தீங்க. சொல்லிட்டேன்ல. இப்ப நிம்மதியா?... இல்லையா. உங்களுக்கும் இல்லையா.

"...எத்தனை பேரு பார்த்திருக்காங்க இத?... நீங்க மட்டும். எத்தனை தடவ?... ம்.

"...நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள. கட்டத்துல டிக் நானா போட்டா ஒரு மாதிரி, நீங்க போட்டா ஒரு மாதிரி. புரியுது... புரியுதுன்னு சொன்னேன்ல. சும்மா சும்மா அதையே...

"...லோடா. லோடு நாளைக்கு மத்தியானம் இறங்கணும்னு எனக்கும் தெரியும். இங்க இருந்து இறக்குற இடம் வரைக்கும் எத்தனை பாலம் இருக்கு?... கம்ப்யூட்டர்ல பாருங்க, உங்களுக்குத்தான் எண்ணத் தெரியுமே... ஒன்பதா.

"...நான் எடுக்கல... எடுக்கலன்னா எடுக்கல மேடம். மேனேஜரா? அவரு கத்துனா கத்தட்டும். வண்டி இங்கேயே நிக்கும், நானும் இங்கேயே இருப்பேன்... இல்ல, மெதுவாவும் ஓட்ட மாட்டேன். ஜாக்கிரதையாவும் ஓட்ட மாட்டேன். நான் ஜாக்கிரதையா ஓட்டுறதத்தான் இப்ப பார்த்தோமே.

"...எந்தக் கட்டம்னு நான் இப்ப சொல்லல. விடுங்க. ராத்திரி வரைக்கும் விடுங்க... வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க போன் பண்ணிடாதீங்கம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எட்டு வருஷமா தெரியாது... ஆமா, கூடவேதான் இருக்கா. இருந்தா தெரிஞ்சிடுமா?

"...ஒண்ணே ஒண்ணு. லாரிய எடுத்துட்டா நான் எங்க போய்த் தூங்குவேன்? அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா அந்தப் படிவத்துல?... இருக்காது. ஒண்ணுமில்ல, உங்களுக்குப் புரியாது... இல்லம்மா, உன் மேல கோவம் இல்ல. யாரு மேலன்னு தெரிஞ்சா அவன்கிட்ட போய்க் கத்திட்டு வந்துடுவேன்...

"...ஹலோ?... கேக்குது... ஆமா... ஆமா, சாப்பிட்டேன்... சரி. வைக்கிறேன்."

மறுநாள் காலையில ஏழரை மணிக்கு வேற டிரைவர் ஒருத்தர் பஸ்ல வந்து இறங்கினாரு. இவரு சாவியக் குடுத்தாரு, போர்வைய மடிச்சு பையில வச்சாரு, உடல்நலம்ங்கிற கட்டத்துல டிக் போட்ட படிவத்த ஆபீசுக்கு அனுப்பிட்டு, எட்டே கால் பஸ்ல ஏறி வீட்டுக்குப் போனாரு.