கொள்ளுத் தண்ணிச் சீசா

— பூதக்கண்ணாடியை இங்கிட்டுத் தா, அமிர்தவல்லி. கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்காத.

— ரெண்டு மாசமா கறுப்புத் துணியைச் சுத்தி அலமாரிக்குள்ள வச்சிருந்தீங்க. இப்ப ரெண்டு நிமிசத்துல எங்க ஓடிப் போகப் போகுது?

— அதாகப்பட்டது, உள்ள ஓடுற ஜாதி ஏதும் இருக்கான்னுதானே பாக்கணும். ம்... நெளியுது. இந்தா, நீயே பாரு.

— கொள்ளுத் தண்ணி ஊசிப்போச்சு. இதைச் சொல்ல ஒரு சயின்ஸ் வாத்தியார் வேணுமா?

— ஊசிப்போச்சுன்னாலே உள்ள உசிரு இருக்குன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் கொதிக்க வச்சேன், இருந்ததெல்லாம் செத்துச்சு. மெழுகை ஊத்தி வாயை அடைச்சேன். ஒங்க சாமி உள்ள போக ஊசிமுனை வழி கெடையாது. தண்ணி, சூடு, சத்து, மூணும் சேர்ந்துச்சு, உசிரு தானா வந்துச்சு. இயற்கைச் சட்டம். அவ்வளவுதான்.

— அடேயப்பா. இந்த வீட்டுல தண்ணி இல்லையா, சூடு இல்லையா? நான் திங்கிற சோத்துல சத்து இல்லையா? ஒம்பது வருசமா ஒங்க சட்டம் எங்கிட்டுப் போயிருந்துச்சு?

— பேச்சை மாத்தாத. பந்தயம் என்ன? சீசாவுல ஒண்ணும் வரலைன்னா நானே கோயிலுக்கு வந்து, என் கையால பிள்ளைத் தொட்டில் கட்டணும். வந்துருச்சுன்னா நீ தொட்டில், நேர்த்தின்னு வாயே தொறக்கக் கூடாது. ஒத்துக்கிட்டியா இல்லையா?

— ஒத்துக்கிட்டேன்.

— மரத்துல மஞ்சத் துணியைக் கட்டினாப் பிள்ளை பொறக்குமாம். நல்ல கூட்டம். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வாராரு, அவருக்கும் காட்டுறேன். இந்த ஆவுடையப்பனுக்குப் பைத்தியம்னு ஊர் பூரா என்னையச் சொல்லிச் சிரிச்ச மனுசன்.

— அவரைக் கூப்பிடாதீங்க.

— தோத்ததும் அழுகை வருதாக்கும்.

— ஒங்களுக்காகத்தான் சொல்றேன். நீங்க சீசாவை அடைச்ச பத்தாம் நாள் சரஸ்வதி பூசை. நீங்க சாமி இல்லைன்னு மீட்டிங் போட அறந்தாங்கிக்குப் போயிட்டீங்க. நான் வீட்டுல பொழங்குற சாமானுக்கெல்லாம், மூணு நாளா செம்புல வச்சிருந்த கோயில் தீர்த்தத்தை விட்டேன். அருவாமனைக்கு, ஒங்க பேனாவுக்கு, இந்தச் சீசாவுக்கும்.

— மேலதானே தெளிச்சே?

— மேல தெளிச்சா உள்ள எப்படிப் போகும்? விளக்குல காட்டி மெழுகை இளக்கினேன். மூணு கரண்டி ஊத்தினேன். அதே மெழுகை வச்சுத் திரும்ப அடைச்சிட்டேன்.

— அடிப்பாவி. செம்புல மூணு நாள் கெடந்த தண்ணி. அதுல இல்லாத பூச்சியா? ரெண்டு மாசம், ரெண்டு மாசம் காத்திருந்தேன். நீ தோக்கிறதுக்கு நீயே ஊத்துவியா? அறிவிருக்கா ஒனக்கு?

— ஒங்க வேலை நல்லா வரணும்னு கும்பிட்டுத்தான் ஊத்தினேன். தெனமும் அலமாரியைத் தொறந்து தொறந்து அந்தத் துணியவே பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்குச் சகிக்கலை.

— அப்பப் பந்தயம் செல்லாது. திரும்பக் கொதிக்க வைக்கிறேன். இன்னும் ரெண்டு மாசம். அதுவரைக்கும் கோயிலும் கெடையாது, தொட்டிலும் கெடையாது.

— வையுங்க. நீங்க கோயிலுக்கு வர வேணாம். வீட்டு விட்டத்துல ஒரு கொக்கி மட்டும் மாட்டிக் குடுங்க.

— கொக்கியா? எதுக்கு?

— அன்னிக்குச் செம்புல மிச்சமிருந்த தீர்த்தத்தை நான் குடிச்சேன். அதுக்கப்புறம் ஒருநாள்கூட நான் விலக்காகிப் பின்கட்டுல ஒதுங்கலை. நீங்க சீசாவையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.