தேனில் குழைத்த மாத்திரை

காலையில் எழுந்ததும் குளிக்கப் போகாதீர்கள். ஏதாவது சாப்பிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து, உடம்பு தன் பாட்டுக்கு விழித்துக்கொண்ட பிறகு குளியுங்கள். மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தின்று, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். நாலு செம்பு தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்குள் ஒரு வயலை அறுத்து முடித்த மாதிரி கை ஓய்ந்துவிடும்.

ஒரு பொழுதுக்கு ஒரு வேலை போதும். துணி துவைத்தால் சமையலை வேறு யாரிடமாவது விடுங்கள். மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். மத்தியானம் படுங்கள், ஆனால் விளக்கு வைக்கும்வரை தூங்காதீர்கள். சோர்வைச் சோம்பல் என்று சொல்கிற சொந்தக்காரர்கள் வந்தால் காபி கொடுத்து அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பிவிடுங்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டதில் கற்றது என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நீங்கள் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள், என் கண்ணுகளே, உங்களுக்கு மீதியையும் சொல்லலாம்.

அவர் பெயர் பஞ்சநதம். இந்த வயதில் புருஷன் பெயரைச் சொன்னால் குற்றமில்லை. திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆற்றுப் பாய்ச்சலில் இருந்த எங்கள் நிலத்தை வீரையன் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சட்டம் வந்திருந்தது. கரைவேட்டிக்காரர்கள் ஊர் ஊராக வந்து மைக் கட்டி அதைச் சொன்னார்கள். பதிந்துவிட்டால் உழுகிறவரை நிலத்தைவிட்டு இறக்க முடியாது. வீரையன் போய்ப் பதிந்துவிட்டார். எங்கள் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். கும்பகோணத்தில் டாக்டர் அப்துல் மஜீது என்று ஒருவர். கூத்தாநல்லூர்க்காரர், தங்கமான மனிதர். அவர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே ஆள் எழுந்துவிட்டார். எழுந்தார் என்றால் எப்படி என்கிறீர்கள்? விடிவதற்கு முன் எழுந்து காக்கையோடு சண்டை பிடிப்பார். இட்லித் தட்டு அடுப்பிலிருந்து இறங்கும்போதே காலியாகும். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, அது முழுக்கக் கோபம்.

"தை பொறக்கட்டும். வெளியூர் ஆள இறக்கி நானே அறுத்துட்டு வரேன். எவன் குறுக்க நிக்கிறான்னு பாக்குறேன்" என்பார்.

"ஏங்க, பக்கத்தூர்ல நடந்தது தெரியாதா உங்களுக்கு?"

"அவனுவளுக்குத் துப்பு இல்ல."

பக்கத்து ஊரில் அப்படி ஆள் இறக்கி அறுத்தபோது இரண்டு பேர் வரப்பிலேயே விழுந்தார்கள். நிலக்காரர் பக்கம் ஒருவர், உழுதவர் பக்கம் ஒருவர். இரண்டு வீட்டுக்கும் நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். இதை மறக்காமல் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததற்குக் காரணம் இதுதான்.

கார்த்திகையில் டாக்டர் மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்தார். எனக்குப் புரியும்படி சொன்னார்.

"ஒடம்பே இந்த மருந்தச் சுரக்கும்மா. நாம வெளியில இருந்து குடுக்கவும் அது தூங்கிடுச்சு. மெதுவாத்தான் எழுப்பணும். சட்டுனு நிறுத்தினா ஆள் தாங்காது. காய்ச்சல், வாந்தி வந்தா கொறைக்கிற பேச்சே கூடாது. அன்னிக்கு ரெட்டிப்பாக் குடுத்துட்டு, ஒடனே தூக்கிட்டு வந்துடணும்."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு மாத்திரை விழுங்க வராது. தொண்டையில் வைத்தாலே ஓக்காளம். அதனால் நான் உரைகல்லில் பொடித்து, தேனில் குழைத்து, குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி நாக்கில் தடவிவிடுவேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்று அவர் பார்த்ததே கிடையாது. ஒரு மனிதர் நம்மை அவ்வளவு நம்புவது சின்ன விஷயமில்லை.

டாக்டர் சொன்னபடி முதலில் கொஞ்சம் குறைத்தேன். ஆள் கொஞ்சம் தளர்ந்தார். அன்றைக்குக் காக்கை நிம்மதியாகச் சாப்பிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டர் மாதத்துக்கு அரை மாத்திரை குறைக்கச் சொன்னார், நான் வாரத்துக்கு அரை குறைத்தேன். பொங்கலுக்குள் ஒரு சின்ன விள்ளல்தான் மிச்சம். உரைகல்லில் வெறும் விள்ளலைத் தேய்த்தால் பொடி போதாது, நாக்குக்குத் தெரிந்துவிடும் அல்லவா. அதற்காகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்றைச் சேர்த்துத் தேய்த்தேன். அதுவும் வெள்ளை. எலும்புக்கு நல்லது.

தை வந்தது. வெளியூர் ஆட்கள் வந்து கேட்டார்கள். இவர் வாசல்வரை நடந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு முடியலப்பா, அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். வீரையன் பயிரை வீரையனே அறுத்தார். ஒரு சொட்டு இரத்தம் விழவில்லை. அன்றைக்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். குத்தகை நெல் அளக்கும்போது நிலத்துக்கு உரியவர் களத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கைகாட்டினால்தான் முதல் மரக்கால் விழும். அவருக்கு முடியவில்லை என்றால் அவர் உட்காரும் நாற்காலியாவது களத்துக்கு வர வேண்டும். வீரையனின் மனைவி அம்சம் அதைத் தூக்கிப் போக வந்தாள். பிரம்பு நாற்காலி, கை வைக்கும் இடம் வழவழவென்றிருக்கும். நானும் கூடப் போனேன். நிற்கக் கால் வலித்தது, உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கைகாட்டுங்கம்மா" என்றார் வீரையன்.

காட்டினேன். நெல் விழுகிற சத்தம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் அடுப்படியிலிருந்துதான் கேட்டிருந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை என்னிடம் உட்கார்ந்து பேசியிராத மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தார். தாயம் ஆடினோம். காய் வெட்டுப்பட்டால் சிரிப்பார். நான் முதலில் சொன்ன யோசனைகளெல்லாம் அப்போது கண்டுபிடித்தவை. எப்போது குளிக்க வேண்டும், எதற்குப் பிறகு படுக்க வேண்டும், எந்தப் படியில் நின்று மூச்சு வாங்க வேண்டும் எல்லாம். வீக்கம் எட்டிப் பார்த்தால் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பேன். அவ்வளவு நன்றாக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டவள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று டாக்டரே சொன்னார்.

ஆனால் அவருக்குச் சந்தேகமும் வந்தது. "இந்த அளவுக்குச் சோர்வு இருக்கக் கூடாதேம்மா. அரை மாத்திரை ஏத்திக் குடுங்க" என்றார். ஏற்றி வாங்கினேன். வாங்கியதை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

குறுவை அறுப்புக்கும் நாற்காலியோடு நான் போனேன். இந்த முறை புதுப் புடவை. அம்சம் என்னிடம் வந்து, "ஒங்க கைராசி அம்மா, கதிரு என்னமா சாஞ்சிருக்கு பாருங்க" என்றாள். யார் யாருக்கோ சண்டை என்றால்கூட என்னிடம் கேட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் வீரையன் எங்கள் வீட்டுக்கு இளநீர் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

"என்னங்க, மூஞ்சி பௌர்ணமியாட்டம் இருந்துச்சு, இப்பப் பிறையாப் போயிட்டீங்களே" என்பார் வீரையன்.

"நெலத்த நீ எடுத்துக்கிட்ட, சதைய டாக்டர் எடுத்துக்கிட்டாரு. மிச்சம் இருக்கறத இவ எடுத்துக்கட்டும்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார் இவர்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, இளநீரைக் குடித்துவிட்டு இவர் சொன்னார்: "வீரையா, போனதெல்லாம் போவட்டும். நீ பதிஞ்சது பதிஞ்சதாவே இருக்கட்டும். வர்ற தைக்கு நாற்காலிய நானே எடுத்துக்கிட்டு வரேன். ரெண்டு பேருமா ஒக்காந்து அளப்போம்."

வீரையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. உள்ளே போய் நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

அந்த வாரமே அடைமழை. இவருக்குக் காய்ச்சல் வந்தது, வாந்தியும் வந்தது. டாக்டர் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருந்தது. ரெட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டு, நன்றாகப் பொடித்து, தேன் கொஞ்சம் அதிகமாக விட்டு. விள்ளலைக்கூட அன்றைக்குச் சேர்க்கவில்லை. ஜாடிக்குப் பின்னால் கைநிறைய இருந்தது. கார் கொண்டுவரட்டுமா என்று வீரையன் குடையோடு வந்து கேட்டார். மழையில் எங்கே தூக்கிப் போவது, விடட்டும் என்றேன்.

மழை விடவில்லை. மத்தியானச் சோறு ஆறுவதற்குள் அவர் போய்விட்டார். கடைசியில், "என்னமோ கெறக்கமா இருக்குடி" என்றார். "படுத்துக்குங்க, சரியாப் போயிடும்" என்று தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். வலி ஒன்றும் இல்லை. அப்படியே தூங்குகிற மாதிரி.

டாக்டர் துக்கத்துக்கு வந்தார். "ரெட்டிப்பு குடுத்தீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடுத்தேன் டாக்டர்."

பொய் சொல்லவில்லை பாருங்கள். ஆனாலும் உங்களிடம் சுற்றி வளைப்பானேன். மாத்திரையை நிறுத்தியது நான். அவர் இறந்தது அதனால்தான். ஊரில் இரத்தம் விழக் கூடாது என்று செய்தேன், விழவில்லை. அந்தத் தைக்கும் அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் களத்தில் நான்தான் கைகாட்டுகிறேன். ஒரு சண்டை வந்ததில்லை. கேட்டுப் பாருங்கள், வீரையன் பேரன்கள் சொல்வார்கள்.

இப்போது அதே மூட்டுவாதம் எனக்கு. அதே மாத்திரை, குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சோர்வாகத்தான் இருக்கிறது. என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மருமகள் வள்ளியம்மை என்னோடு. தங்கமான பெண், கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்தை, நீங்க படுத்து ரெஸ்ட் எடுங்க. இந்தத் தைக்குக் களத்துக்கு நான் போயிட்டு வரேன்."

போயிட்டு வாம்மா என்றேன். அவளை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாத்திரையை மட்டும் அன்றையிலிருந்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முழுசாக, கண்ணால் பார்த்து, வெறும் தண்ணீரில் விழுங்குகிறேன். வீட்டில் தேன் வாங்குவதில்லை.