வங்கியை வெண்ட தலைவர்

…பூட்டித்தான் கிடக்கு தம்பி, சும்மா இழுத்துப் பாராதேங்கோ. தமிழ்ப் பள்ளிக்கோ? மகளைச் சேர்க்கவோ? இந்தியாப் பக்கம் போலை, கதையிலை தெரியுது. டென்மார்க்குக்கு, இந்த ஹோர்சன்ஸுக்கு வந்து மூண்டு மாசமோ… நல்ல நேரம் பாத்து வந்தியள் போங்கோ.

எல்லாம் இந்தப் பள்ளியை நடத்துற எங்கடை தமிழ்ச் சங்கத் தலைவராலை வந்த வினை. போன பங்குனியிலை வங்கி ஒரு கடிதம் போட்டுது. நிர்வாகத்திலை இருக்கிற ஆக்கள் எல்லாரும் பாஸ்போர்ட் கொப்பி அனுப்பட்டாம். இஞ்சை எல்லாச் சங்கத்திட்டையும் கேக்கிறதுதான், டெனிஷ்காரற்றை பந்தடிக் கிளப்பிட்டையும் கேக்கிறது. தலைவர் விடுவாரோ? பொதுக்கூட்டத்திலை எழும்பி, "நாங்கள் என்ன கள்ளரோ? முப்பத்தைஞ்சு வருசமா வரி கட்டுற சனம். அமெரிக்காவிலை சனாதிபதி மத்திய வங்கியோடையே மல்லுக்கட்டுறார், எங்களுக்கு ரோசம் இல்லையோ? கணக்கை மூடுவம்!" எண்டார். அதுக்கு முதலே சனத்துக்கு மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்தாச்சு. பிறகென்ன, கைதட்டு… கூரை பறக்காத குறை.

பொருளாளர் தங்கமலர் ரீச்சர் மட்டும் எழும்பி, "அண்ணை, கணக்கை மூடினா கொமூன் மண்டபக் காசை எங்கை போடும்?" எண்டு கேட்டவ. கொமூன் எண்டா இஞ்சத்தை நகரசபை தம்பி, மண்டப வாடகை அவைதான் தாறது. தலைவர் என்ன சொன்னவர் தெரியுமோ? "நீர் சனத்தின்ரை ஆளோ, வங்கியின்ரை ஆளோ?" சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. பதினெட்டு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளமில்லாமல் படிப்பிச்ச மனிசி தம்பி அவ. பையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போட்டா.

கணக்கை மூடியாச்சு. வங்கியை வெண்டிட்டம் எண்டு கேக்கும் வெட்டியாச்சு. அடுத்த மாசம் கொமூன் கணக்கிலக்கம் கேட்டுது… எங்கை இருக்கு? மண்டபம் போச்சு. இருபத்தெட்டுப் பிள்ளையள், ஆனா ஆவன்னா படிக்க வேண்டியதுகள், வீட்டிலை இருந்து ஐபாட் தட்டுதுகள். இப்ப புதுக்கணக்குத் திறப்பம் எண்டா, பொருளாளற்றை கையெழுத்தும் வேணுமாம். ரீச்சர் வரமாட்டன் எண்டுறா. வருவாவோ, சபையிலை அப்பிடிக் கேட்ட பிறகு?

என்ன… தலைவற்றை வீடு எங்கையெண்டோ? நேரை போய்க் கேக்கப் போறியளோ? கேளுங்கோ, கேக்கத்தான் வேணும். வீட்டுக்குப் போகத் தேவையில்லை. நான்தான்.

சனிக்கிழமையிலை வந்து நிக்கிறன், வாற பிள்ளையளைத் திருப்பி அனுப்ப. வெக்கமாக் கிடக்கு தம்பி. என்ரை பாஸ்போர்ட்டைக் கொப்பி அடிச்சு பொக்கற்றிலையே வைச்சிருக்கிறன், பாருங்கோ. ரீச்சரிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். ஆனா என்ரை நம்பரைக் கண்டா அவ எடுக்கிறா இல்லை… உங்கடை போனை ஒருக்காத் தாறியளோ?